கணக்கும் காட்சியும்: யாழ்ப்பாணத்துக் கூரையில் ஒரு சூரியத் தகடு

சூரியத் தகட்டின் பின்புறம் ஒட்டியிருக்கும் தாளில் 400 வாட் என்று அச்சிட்டிருந்தால், அது மூன்று நிபந்தனைகளைச் சுமந்து நிற்கும் எண். தகட்டின்மீது சதுர மீற்றருக்கு 1000 வாட் வீதம் ஒளி விழவேண்டும். உள்ளே இருக்கும் சிலிக்கன் கலம் 25 பாகை செல்சியசில் இருக்கவேண்டும். விழும் ஒளியின் நிறப்பகுப்பு, வளிமண்டலத்தை ஒன்றரை மடங்கு தடிப்பில் ஊடறுத்து வந்த ஒளிக்குரியதாக இருக்கவேண்டும். தொழிற்சாலையில், கணநேரம் பளிச்சிடும் விளக்கின் கீழ், இம்மூன்றையும் ஒன்றாக உண்டாக்கலாம். குடாநாட்டுக் கூரையில் அவை ஒன்றுசேர்வதில்லை. 1000 வாட் ஒளி கொட்டும் சித்திரை வெயிலில் கலத்தின் சூடு 60 பாகையைத் தொட்டுவிடும். கலம் 25 பாகையில் இருக்கும் மார்கழி விடியலில் ஒளி போதாது. ஆகவே தாளில் உள்ள எண், தகடு அந்த ஊரில் ஒருநாளும் காட்டாத குணத்தைச் சொல்கிறது. ஆனாலும் விலையும் கடனும் இணைப்பு அனுமதியும் அந்த எண்ணைக்கொண்டுதான் பேசப்படுகின்றன.

அந்த எண்ணிலிருந்து, குறித்த ஊரில் குறித்த மணிக்குத் தகடு உண்மையில் தரப்போகும் வலுவுக்குச் செல்லும் வழியே கணித மாதிரி. பொறியியலாளருக்கு அது வேலைக் கருவி. மெய்யியல் நோக்கில் பார்த்தால், இன்னும் நிகழாத ஒன்றைப் பற்றி உறுதியோடு சொல்லும் இந்தக் கணிப்பு எவ்வகை அறிவு என்ற கேள்வி எழுகிறது. அது பொருந்திவந்தால் நிறுவப்படுவது எது, பொருந்தாதுபோனால் விழுந்துபோவது எது என்ற கேள்விகளும் அதனோடு சேர்ந்தே வருகின்றன.

இந்தக் கேள்விகள் யாழ்ப்பாணத்துக்குப் புதியவை அல்ல. அருணந்தி சிவாசாரியார் 13ஆம் நூற்றாண்டில் செய்த சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார், இறையாகிய பதியையும் உயிராகிய பசுவையும் தளையாகிய பாசத்தையும் பற்றிப் பேசுவதற்கு முன் அளவையைப் பற்றிப் பேசுகிறது. பொருளை அளப்பதற்கு முன் மரக்காலைச் சரிபார்க்கும் ஒழுங்கு அது. காட்சி, கருதல், உரை என்பனவே அது ஏற்கும் அளவைகள். இன்மை, பொருள், ஒப்பு முதலாகப் பத்துவரை எண்ணுவாரும் உண்டு என்று சொல்லி, அவையெல்லாம் இம்மூன்றில் அடங்கும் என்று முடிக்கிறது. அந்நூலின் பழைய உரையாசிரியர்களில் ஒருவரான ஞானப்பிரகாச முனிவர் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பிறந்தவர். போர்த்துக்கேயர் ஆட்சியில் ஊரைவிட்டு நீங்கிச் சிதம்பரத்தில் தங்கியவர். இன்று அதே திருநெல்வேலியில்தான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் பௌதிகவியல் துறையில் சூரியக் கல ஆய்வும் நடக்கிறது.

மூன்று அளவைகளையும் கூரையில் வைத்துப் பார்ப்பது எளிது. மின்மானியில் தெரியும் அலகு காட்சி. மாதிரி தரும் எண் கருதல். தாளில் அச்சிட்ட 400 வாட் உரை. எளிதாகத் தோன்றும் இந்தப் பங்கீடு கொஞ்சம் உள்ளே போனதும் கலங்கத் தொடங்கும். அந்தக் கலக்கத்தைப் பின்தொடர்வதில்தான் பயன்.

முதலில் கருதல். மாதிரியின் அடியில் இருப்பது சிலிக்கனின் இயல்பு. பளிங்குச் சிலிக்கனில் கட்டுண்ட இலத்திரனை விடுவிக்க 1.12 இலத்திரன் வோல்ட்டுச் சக்தி வேண்டும். அதற்குக் குறைந்த சக்தியுடைய செங்கீழ் ஒளித்துணிக்கை கலத்தை ஊடறுத்துச் செல்லும், எதையும் விடுவிக்காது. அதற்கு மிகுந்த சக்தியுடைய நீல ஒளித்துணிக்கையும் ஓர் இலத்திரனையே விடுவிக்கும். மிச்சச் சக்தி வெப்பமாகிவிடும். இந்த இரண்டு இழப்புகளையும், கலம் தானே ஒளியாக உமிழ்ந்து இழப்பதையும் கணக்கிட்டு, ஒரே பொருளாலான ஒற்றைக் கலம் எவ்வளவு திறமையாக இருந்தாலும் வெயிலின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மின்னாக்க முடியாது என்று ஷொக்லியும் குவைசரும் 1961இல் காட்டினர். பெல் ஆய்வுகூடத்தில் 1954இல் செய்த முதல் பயன்தரு சிலிக்கன் கலம் தந்தது ஏறத்தாழ 6 சதவீதமே. நூறாயிரம் கலங்களைச் செய்து பார்த்துக் கண்ட எல்லை அல்ல இது. பொருளின் இயல்பை ஏதுவாகக் கொண்டு காண்பதற்கு முன்பே சொன்ன எல்லை. தருக்க நூலார் இயல்பேது என்று சொல்வதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

அடுத்து ஒளியின் கணக்கு. யாழ்ப்பாணம் வட அகலாங்கு 9.7 பாகையில் கிடக்கிறது. சூரியன் எந்த நாளில் எந்த மணிக்கு வானத்தில் எங்கே நிற்கும் என்பதைக் கணிதம் ஐயமில்லாமல் சொல்லும். ஏப்ரல் 14, 15ஆம் திகதிகளில், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, நண்பகல் 12.10 அளவில் அது குடாநாட்டின் உச்சிக்கு நேராக வரும். நட்ட கம்பத்தின் நிழல் அதன் காலடியிலேயே ஒடுங்கும். ஓகஸ்ட் கடைசியில் மறுபடி அப்படி வரும். இடைப்பட்ட நான்கு மாதங்களில் நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும். தகட்டைத் தெற்கு நோக்கிச் சாய்ப்பது வடக்கே தள்ளியுள்ள நாடுகளில் கேள்விக்கிடமற்ற விதி. இங்கே அது 10 பாகை அளவான மெல்லிய சாய்வோடு நின்றுவிட வேண்டும். அதிலும் பாதிப் பயன் மழைநீர் வழிந்தோடித் தூசியைக் கழுவிச்செல்வதுதான்.

பிறகு சூடு. கலம் காற்றைவிட எவ்வளவு சூடாகும் என்பதற்கு ஓர் எளிய வாய்பாடு உண்டு. 800 வாட் ஒளி, 20 பாகைக் காற்று, விநாடிக்கு 1 மீற்றர் வேகத்தில் வீசும் தென்றல் ஆகிய நிலையில் திறந்த தகட்டின் கலம் சுமார் 45 பாகையில் நிற்கும். அதாவது 800 வாட்டுக்கு 25 பாகை ஏற்றம். 1000 வாட் ஒளியும் 32 பாகைக் காற்றும் உள்ள நண்பகலில் இந்தக் கணக்குப்படி கலத்தின் வெப்பநிலை 63 பாகை. 25இலிருந்து அது 38 பாகை கூடுதல். பளிங்குச் சிலிக்கன் தகடு பாகைக்கு 0.35 சதவீத அளவில் வலுவை இழக்கும் என்று கொண்டால், இழப்பு 13 சதவீதத்துக்குச் சற்று மேல். 400 வாட் 347 ஆகிவிடும். தூசுக்கும் உப்புப் படிவுக்கும் 3 சதவீதம், இன்வேட்டருக்கு இன்னொரு 3 சதவீதம் என்று கழித்தால் வீட்டுக்கு வருவது 325 வாட் அளவே. வெயில் ஏற ஏற மின்சாரமும் ஏறும் என்று நினைப்பவருக்கு இது வியப்பாக இருக்கும். சூட்டினால் கலத்தின் மின்னழுத்தம் பாகைக்கு ஏறத்தாழ 2 மில்லிவோல்ட்டு வீதம் இறங்குவதே காரணம். வைகாசி தொடக்கம் வீசும் சோளகக் காற்று தகட்டைக் குளிர்விக்கும்போது, அதே ஒளிக்குக் கூடுதல் வலு கிடைப்பதும் இதனால்தான்.

கடைசியில் மாதிரியின் நெஞ்சுப்பகுதி. கலத்தை ஒரு மின்சுற்றாக வரைகிறார்கள்: ஒளியால் பிறக்கும் ஓட்டத்தின் ஊற்று, அதன் குறுக்கே இருவாயி எனப்படும் டயோட், சமாந்தரமாக ஒரு தடை, தொடராக இன்னொரு தடை. ஒளியோட்டம், இருவாயியின் நிரம்பலோட்டம், அதன் இலட்சியக் காரணி, இரண்டு தடைகள் என ஐந்து எண்கள் தெரிந்தால் எந்த ஒளியிலும் எந்தச் சூட்டிலும் தகடு தரும் வலுவைக் கணிக்கலாம். விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டி சோட்டோவும் உடனாசிரியர்களும் 2006இல் வெளியிட்ட ஐந்தளவு மாதிரி இவ்வகையில் பெயர் பெற்றது. ஐந்து எண்களையும் விற்பனைத் தாளில் உள்ள ஒருசில புள்ளிகளைக்கொண்டே பிரித்தெடுத்துவிடலாம் என்பது அதன் வசதி.

இங்கே நின்று பார்க்கவேண்டிய ஒன்று உண்டு. தொடர்த்தடை என்று வரைபடத்தில் காட்டப்படும் பொருளைத் தகட்டுக்குள் தேடினால் கிடைக்காது. அப்படி ஒரு தடையை யாரும் அங்கே பற்றாசு வைத்துப் பொருத்தவில்லை. வெள்ளிக் கோடுகளிலும் சிலிக்கனிலும் இணைப்புகளிலும் சிதறிக்கிடக்கும் பல இழப்புகளுக்குக் கணக்கு வைத்த ஒற்றைப் பெயர் அது. இலட்சியக் காரணி இன்னும் மெலிந்த பொருள். 1க்கும் 2க்கும் இடையில் எங்கோ நின்று, மாதிரிக்குப் பிடிபடாதவற்றைத் தன்மேல் ஏற்றிக்கொள்ளும் எண். ஆனால் இவையின்றிக் கணக்கு வராது. பஞ்சாங்கக் கணிதத்தில் இராகுவும் கேதுவும் இருக்கும் நிலை இதுதான். சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள் அவை. வானத்தில் அங்கே உடல் ஏதும் இல்லை. ஆனால் அவற்றின் இடம் தெரியாமல் கிரகணத்தைச் சொல்ல முடியாது. சாயாகிரகம் என்று பெயரிட்டவர்கள் இந்த வேறுபாட்டை அறிந்தே இட்டிருக்கிறார்கள். கணக்குக்கு வேண்டியது என்பதும் உள்ளது என்பதும் ஒன்றல்ல.

கருதல் நிற்பது சான்றாகும் ஏதுவுக்கும் நிறுவவேண்டிய சாத்தியத்துக்கும் இடையிலுள்ள பிரியாத் தொடர்பின்மேல். மலையில் புகை கண்டு நெருப்பைக் கருதுபவர், அடுக்களையில் இரண்டையும் சேர்த்துக் கண்டவர். ஆனால் அத்தொடர்பைத் திருப்பிப் போட்டால், நெருப்பு உள்ள இடமெல்லாம் புகை உண்டு என்றால், அது பொய்த்துவிடும். காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. ஈரவிறகு என்ற நிபந்தனை மறைந்து நின்றதே தவறு. தருக்கத்தில் இதற்கு உபாதி என்று பெயர். ஒளி விழுந்தால் மின்சாரம் வரும் என்ற தொடர்பும் உபாதிகளால் சூழப்பட்டது. குடாநாட்டில் அவற்றுள் முதன்மையானது பனைமரம். ஒரு தகட்டின் கலங்கள் தொடராக இணைக்கப்பட்டவை. தொடரில் மிகக் குறைந்த ஓட்டமுள்ள கலமே மற்றவற்றின் ஓட்டத்தையும் கட்டிப்போடும். பனையோலையின் நிழல் ஒன்றிரண்டு கலங்களை மூடினாலே, அந்தப் பகுதியைக் கடந்துசெல்ல வைத்திருக்கும் மாற்றுவழி இருவாயி விழித்துக்கொண்டு தகட்டின் மூன்றில் ஒரு பங்கை வெளியே தள்ளிவிடும். பரப்பில் ஐம்பதில் ஒரு பங்கு நிழல். வலுவில் மூன்றில் ஒரு பங்கு இழப்பு. ஒளியளவை மட்டும் ஏதுவாகக் கொண்ட மாதிரி இதைக் காணாது. காகத்தின் எச்சமும், கடலோரத்தில் படியும் உப்பும், வடகீழ்ப் பருவத்தில் நாள்கணக்கில் மூடிக்கிடக்கும் வானமும் இதே வகையைச் சேர்ந்தவை.

நியாய நூலார் கருதலை மூன்றாகப் பிரிப்பர். எழும் முகிலைக் கண்டு மழை வரும் என்பது காரணத்திலிருந்து காரியத்துக்குச் செல்வது. ஆற்றில் கலங்கல் வெள்ளம் கண்டு மேலே மழை பெய்தது என்பது காரியத்திலிருந்து காரணத்துக்கு. மூன்றாவது, நேரே காணமுடியாததைப் பொதுமையால் கருதுவது. தகடு நாளை என்ன தரும் என்ற முன்கணிப்பு முதல் வகை; முகில் கலைந்துபோகவும் கூடும் என்பதால் எப்போதும் சற்றுத் தளர்ந்தது. நேற்றைய வலு ஏன் குறைந்தது என்று தேடுவது இரண்டாம் வகை. அங்கே மாதிரி மிகப் பயனுள்ளது. நண்பகல் 12 மணிக்குத் திடீரென மூன்றில் ஒரு பங்கு குறைந்து 1 மணிக்கு மீண்டால் நிழல். நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து மழைக்குப் பின் மீண்டால் தூசு. ஆண்டுக்கு அரை சதவீத அளவில் மீளாமல் குறைந்தால் முதுமை.

மூன்றாம் வகைக்குப் பழைய உரைகாரர் தரும் உதாரணம் சூரியனே. அது நகர்வதை எவரும் காண்பதில்லை. காலையில் ஓரிடத்திலும் மாலையில் வேறிடத்திலும் காண்பதால், ஓர் ஆள் இடம் மாறிக் காணப்படுவது நடந்ததனால் என்பதுபோல, சூரியனுக்கும் இயக்கம் உண்டு என்று கருதுகிறோம். கருதலின் வடிவில் குற்றம் சொல்வதற்கில்லை, முடிபு தவறு. நகர்வது பூமி. ஆனால் சூரியன் நகர்கிறது என்று கொண்டு செய்த கணக்கிலும் உதய நேரம் சரியாகவே வரும். இன்றும் தகட்டு மாதிரிகள் சூரியனை வானத்தில் நகரவிட்டே கோணங்களைக் கணிக்கின்றன. எண் பொருந்துவது, அந்த எண்ணைத் தந்த கதை உண்மை என்பதற்குச் சான்றாகாது என்பதை இந்த ஒரு உதாரணமே காட்டிவிடும்.

இதன் மறுதலையும் உண்மை. எண் பொருந்தாமை, அந்த எண்ணோடு சேர்த்துச் சொல்லப்பட்ட எல்லாவற்றையும் பொய்யாக்காது. யாழ்ப்பாணத்தில் இதை ஒட்டி ஒரு வழக்கே நடந்திருக்கிறது. 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய அமெரிக்க மிசன் செமினரியில் ஐரோப்பிய வானியல் பாடமாக இருந்தது. 1829இல் ஒரு சந்திர கிரகணம் வந்தபோது, அதன் தலைவர் டானியேல் புவர், அராலியைச் சேர்ந்த விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கக் கணிப்பையும் ஐரோப்பியக் கணிப்பையும் பக்கத்தில் வைத்து எல்லோரும் காண ஒப்பிட்டார். தொடங்கிய நேரத்திலும் நீடித்த பொழுதிலும் மறைப்பின் அளவிலும் சாஸ்திரியாரின் கணிப்பு விலகியிருந்தது. பாதிரிமார் அதிலிருந்து எடுத்த முடிபு பஞ்சாங்கத்தோடு நிற்கவில்லை. புராணத்துக்கும், அங்கிருந்து சமயத்துக்கும் நீண்டது.

வானியல் அளவில் புவர் சொன்னது சரி. காட்சியோடு பொருந்தாத கணிப்பு திருத்தப்படவேண்டியது. ஆனால் அங்கிருந்து சமயத்துக்குத் தாவியபோது ஏது சாத்தியத்தைவிட்டு நழுவிவிட்டது. சாஸ்திரியார் கணக்கிட்டது புராணம் சொல்லும் பாம்பு விழுங்குவதைக்கொண்டு அன்று. பூமியின் நிழலையும் பாதைகள் வெட்டும் புள்ளியையும் கொண்டு. தவறு இருந்தது தலைமுறைகளாகத் திருத்தப்படாத ஆரம்ப எண்களில். சூட்டுக் குணகம் தவறாக இடப்பட்ட மாதிரி 20 வாட் விலகினால், குறைகடத்தி இயற்பியல் பொய் என்று யாரும் சொல்வதில்லை, குணகத்தை மாற்றுவார்கள். சமயத்தின் மெய்ம்மையை எண்ணின் பொருத்தத்தில் தொங்கவிட்டது வட்டுக்கோட்டையின் பிழை என்றால், அந்தப் பொறிக்குள் தாமும் விழுந்து, பஞ்சாங்கம் தவறவே தவறாது என்று வாதாடியவர்களின் பிழையும் அதற்குக் குறைந்ததல்ல. புவருக்குப் பின் அதே செமினரியில் பணிசெய்த ஹென்றி ஹொய்சிங்டன் 1848இல் தமிழ் வானியல் கணிதத்தை விளக்கும் நூலை வெளியிட்டார். 1854இல் சிவஞானபோதத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் வெளியிட்டார். கணக்கையும் தத்துவத்தையும் வெவ்வேறு நூலாக வைத்துப் படித்த அவருடைய வழி, 1829இன் வழியைவிடத் தெளிவானது.

குடாநாட்டில் இந்த விவகாரம் அத்தோடு தீரவில்லை. பழைய வாய்பாடுகளின்படி கணிப்பது வாக்கிய பஞ்சாங்கம். கண்ணுக்குத் தோன்றும் நிலையோடு ஒப்பத் திருத்திக்கொள்வது திருக்கணித பஞ்சாங்கம். திருக் என்ற சொல்லே காட்சியைக் குறிப்பது. இரண்டும் ஆண்டுதோறும் வெளிவருகின்றன. புத்தாண்டு பிறக்கும் நேரத்தை இரண்டும் வெவ்வேறாகக் குறிக்க, பத்திரிகைகள் இரண்டையும் அச்சிடுகின்றன. தகட்டு மாதிரிகளிலும் இதே இரு குலங்கள் உண்டு. அமெரிக்காவின் சாண்டியா ஆய்வுகூடத்தில் டேவிட் கிங்கும் உடன் ஆய்வாளரும் 2004இல் விவரித்த மாதிரி, ஒவ்வொரு வகைத் தகட்டையும் வெயிலில் வைத்து அளந்து, அளந்ததற்குப் பொருந்தும் குணகங்களைச் சேர்த்தெடுப்பது. ஏன் என்று கேட்டால் அதற்கு அதிகம் சொல்லத் தெரியாது. எவ்வளவு என்று கேட்டால் துல்லியமாகச் சொல்லும். ஐந்தளவு மாதிரி காரணத்தைச் சொல்லும். எண்ணில் அதைவிடச் சற்று விலகக்கூடும்.

உரை என்ற அளவைக்கு வந்தால் நிலைமை இன்னும் நெருக்கமாகிறது. யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுக்காக விற்பனையாளர் கணினியில் எடுத்துத் தரும் ஆண்டுக் கணிப்பைப் பிரித்துப் பார்த்தால், ஒளியளவு பெரும்பாலும் செயற்கைக்கோள் படத்திலிருந்து தொலைவிலிருந்து மதிப்பிட்டது. சூட்டுக் குணகம் தயாரிப்பாளரின் தாளிலிருந்து வந்தது. தூசுக்கான கழிவு வேறு நாட்டு வழக்கிலிருந்து எடுத்தது. அந்தக் கூரையில் கண்டது எதுவும் அதில் இல்லை. கருதலின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்திருப்பது உரைதான். சித்தாந்தம் உரையைத் தள்ளுவதில்லை, ஆகமமே உரை. ஆனால் உரைப்பவர் ஆப்தராக இருக்கவேண்டும் என்று கேட்கிறது: பொருளை உள்ளவாறு அறிந்தவராகவும், மறைக்கக் காரணம் இல்லாதவராகவும். விற்றால் இலாபம் உள்ளவரின் சொல் இரண்டாம் நிபந்தனையில் இடறும். நல்லெண்ணத்தோடு சொன்னாலும் கூரைக்கு ஏறாதவரின் சொல் முதலாவதில் இடறும்.

அப்படியானால் காட்சி ஒன்றே போதும் என்று விட்டுவிடலாமா? மின்மானியின் எண்ணும், ஒளியை அளக்கும் ஒளியளவியின் எண்ணும் தூய காட்சி அல்ல. ஒளியளவி காட்டுவது தன்னுள்ளே உண்டாகும் சிறு மின்னழுத்தத்தை. அதை ஒளியாக மாற்றிச் சொல்வது ஒரு குணகம். அந்தக் குணகம் இன்னொரு கருவியோடு ஒப்பிட்டுப் பெற்றது. ஐயமும் திரிபும் நீங்கிய காட்சியையே சித்தியார் அளவை என்று ஏற்கிறது; கருவி வழியாக வரும் காட்சியில் அந்த நீக்கத்தைச் செய்வது மறுபடியும் கருதலும் உரையும்தான். மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. கருவிகளால் வரும் இந்த அறிவு முழுவதையும், எவ்வளவு துல்லியமானதாக இருந்தாலும், பாசஞானம் என்ற வரிசையில் வைக்கிறது சைவ சித்தாந்தம். இகழ்ச்சியாக வைத்ததல்ல; அது எட்டும் எல்லையைச் சொல்லி வைத்தது. தன்னைக்கொண்டு பதியை அளக்க முடியாது என்பதே அந்த எல்லை.

சூரியனும் பொருளும் சேர்ந்த உவமைகள் சித்தாந்தத்தில் மலிந்திருப்பதால், இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. சூரியகாந்தக் கல்லும் பஞ்சும் திருமந்திரத்தில் வரும். கல் தன்னைச் சூழ்ந்த பஞ்சைத் தானே எரிக்காது. சூரியனின் சந்நிதியில் எரிக்கும். குருவின் முன் மலம் அவ்வாறு வேகும். ஒரே வெயிலில் ஒரு தாமரை மலர, ஒன்று முகையாய் நிற்க, ஒன்று வாடும் என்பதும் வழங்கும் உவமை. இவற்றை எடுத்துக்கொண்டு சூரிய மின்கலத்தை முன்னோர் அறிந்திருந்தனர் என்று மேடையில் முழங்குவது, உவமைக்கும் இயற்பியலுக்கும் ஒருசேரச் செய்யும் தீங்கு. உவமை சொல்ல வந்தது சூரியன் விகாரப்படாமல் சந்நிதி மாத்திரையால் தொழிற்படுத்துகிறது என்பதை. தகட்டில் ஒளி சந்நிதியாக நிற்பதில்லை, செலவாகிறது. விழுங்கப்பட்ட ஒவ்வொரு ஒளித்துணிக்கையும் ஒழிந்துபோய், அதன் சக்தியே மின்னாகவும் சூடாகவும் மாறுகிறது. குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்ற பாகுபாட்டில் சொன்னால், உவமையில் நிமித்தத்தின் பக்கம் நின்ற சூரியனின் ஒளி இங்கே மண்ணின் இடத்துக்கு வந்துவிடுகிறது, சிலிக்கன் சக்கரமாகிறது.

தாளில் உள்ள 400 வாட் இரவிலும் தகட்டில் இருக்கிறதா என்ற கேள்விக்கும் இதிலேயே விடை உண்டு. காரியம் காரணத்தில் சூக்குமமாக உள்ளது என்பது சற்காரியவாதம். ஆனால் மின்சாரத்துக்கு முதற்காரணம் ஒளி. ஆகவே இரவில் தகட்டில் மின்சாரம் சூக்குமமாகக்கூட இல்லை. ஒளி வந்தால் மாற்றுவதற்கான தகுதி மட்டுமே உண்டு. 400 என்ற எண் அந்தத் தகுதியின் அளவு. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் சக்தியையும் வலுவையும் வேறு சொற்களாகப் பிரித்து வைத்திருப்பது இந்த இடத்தில் நல்ல துணை. தகுதி என்பதற்கும் தனிச் சொல் இருந்திருந்தால் விற்பனைத் தாள்களில் குழப்பம் குறைந்திருக்கும்.

கணிப்பின் தகுதி வெளிப்படும் இடம், பிசகினால் வேறு யாரும் ஈடுகட்ட முடியாத இடம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவை தேசிய மின்வலையோடு இணையாதவை. இம்மூன்று தீவுகளுக்குமான கலப்பு மின்திட்டம் முதலில் சீன நிறுவனக் கூட்டு ஒன்றுக்கு 2021இல் போய், பின் கைவிடப்பட்டு, இந்தியாவின் நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. அதில் சூரியத் தகடுகள் 1700 கிலோவாட், காற்றாலை 530 கிலோவாட், மின்கல அடுக்கு 2400 கிலோவாட் மணி. இவற்றோடு ஆயத்தமாக நிற்கும் டீசல் இயந்திரம் 2500 கிலோவாட். சூரியனும் காற்றும் சேர்ந்ததைவிட டீசலின் எண் பெரியது. கார்த்திகை மழையில் முன்கணிப்பு எவ்வளவு நம்பத்தக்கது என்பதைத் திட்டமிட்டவர்கள் வாக்கியத்தில் எழுதாமல் கிலோவாட்டில் எழுதியிருக்கிறார்கள்.

மின்வலையோடு இணைந்த கூரைகளில் சிக்கல் தலைகீழாக வந்தது. 2025 ஏப்ரலில் இலங்கை மின்சார சபை, புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை மிகக் குறைந்து சூரிய மின்னாக்கம் மிகும் என்று கணித்து, 13ஆம் திகதி முதல் 21ஆம் திகதி வரை நாள்தோறும் பிற்பகல் 3 மணிவரை கூரைத் தகடுகளை நிறுத்தி வைக்குமாறு நாடெங்கும் உள்ள உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. குடாநாட்டில் சூரியன் உச்சிக்கு நேர் வந்து நிழலை ஒடுக்கும் 14, 15ஆம் திகதிகளும் அந்த ஒன்பது நாட்களுக்குள் அடங்கியிருந்தன.